யாழினிக்கு ஒரு டென்னிஸ் வேடம்

குழு: லயத்து வீடு
வியாழக்கிழமை

[மாலை 6:48] செல்வி: ஓர் அவசரம். நாளை யாழினி பள்ளியில் மாறுவேடப் போட்டி. போன வாரம் கொடுத்த சீட்டை இப்போதுதான் பையிலிருந்து எடுத்துத் தருகிறாள். தலைப்பு, பழைய காலத்து விளையாட்டு நட்சத்திரம். டென்னிஸ் வகுப்புக்குப் போகிறாள் என்பதால் இவளுக்கு டென்னிஸ் என்று எழுதிவிட்டார்கள். வேடம் போட்டு 2 நிமிடம் பேச வேண்டும். யாராவது யோசனை சொல்லுங்கள்.

[மாலை 6:50] கார்த்தி: ஃபெடரர். வெள்ளைச் சட்டை, தலையில் ஒரு பட்டை. முடிந்தது வேலை.

[மாலை 6:50] செல்வி: பழைய காலம்டா.

[மாலை 6:51] கார்த்தி: அவளுக்கு 9 வயது அக்கா. ஃபெடரரே அவளுக்குப் பழைய காலம்தான்.

[மாலை 6:54] அப்பா: பலமுறை பகிரப்பட்டது: "ஒவ்வொரு இந்தியனும் பெருமைப்படுவோம்! டென்னிஸ் பிறந்தது நம் புனேயில்! இதை 10 பேருக்கு..."

[மாலை 6:58] பெரியப்பா: தம்பி, அனுப்பியவனுக்கே திருப்பி அனுப்பிவிடு. புனேயில் வெள்ளைக்கார அதிகாரிகள் ஆடியது இறகுப்பந்து. டென்னிஸ் இங்கிலாந்துப் புல்வெளியில் வளர்ந்தது.

[மாலை 6:59] அப்பா: நான் படிக்கவில்லை அண்ணா. அப்படியே அனுப்பிவிட்டேன்.

[மாலை 6:59] சித்தி: அதைத்தான் மாமா தினமும் செய்கிறீர்கள்.

[மாலை 7:01] செல்வி: பெரியப்பா, உங்களைத்தான் எதிர்பார்த்தேன். முதல் டென்னிஸ் நட்சத்திரம் யார்? ஒரு பெயர் சொன்னால் போதும்.

[மாலை 7:02] கார்த்தி: ஒரு பெயரா? பெரியப்பாவிடமா? அக்கா, சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்.

[மாலை 7:09] பெரியப்பா: நான் பேசினால் போன் எழுதிக்கொள்கிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயருக்கு முன்னால் ஒன்று. சுவருக்குள் ஆடும் பழைய டென்னிஸ் ராஜாக்கள் காலத்திலிருந்தே உண்டு. அது வெளியே புல்லுக்கு வர இரண்டு பொருள் வேண்டியிருந்தது. ஒன்று, புல்லை ஒட்ட வெட்டும் இயந்திரம். அது 1830ல் வந்தது. மற்றது ரப்பர் பந்து. பழைய பந்தைப் புல்லில் போட்டால் அங்கேயே உட்கார்ந்துவிடும். ரப்பரைப் பதப்படுத்தக் கற்றுக்கொண்ட பிறகுதான் எழும்பும் பந்து கிடைத்தது. 1874ல் விங்ஃபீல்டு என்ற மேஜர் வலை, மட்டை, பந்து எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் அடுக்கி, உரிமம் வாங்கி விற்க ஆரம்பித்தார். அவர் வைத்த பெயர் ஸ்ஃபைரிஸ்டிகே. யார் வாயிலும் நுழையவில்லை. லான் டென்னிஸ் என்ற பெயர்தான் நின்றது. அவர் போட்ட ஆடுகளம் உடுக்கை மாதிரி, நடுவில் வலை இருக்கும் இடத்தில் ஒடுங்கி இருக்கும்.

[மாலை 7:10] அத்தை (திருப்பூர்): அண்ணா, எனக்கு நாளைக் காலையில் லோடு போகிறது. என்ன துணி வேண்டும் என்று மட்டும் சொல்லு, தேடி எடுத்து வைக்கிறேன்.

[மாலை 7:11] பெரியப்பா: ஆள் யார் என்று முடிவாகட்டும் தங்கச்சி, துணி அப்புறம்.

[மாலை 7:16] பெரியப்பா: விம்பிள்டன் தொடங்கிய கதை தெரியுமா? அது முதலில் குரோக்கே கிளப். மரச்சுத்தியால் பந்தைத் தட்டி வளையத்துக்குள் விடும் ஆட்டம். புல்தரையைச் சமன்செய்யும் உருளை ஒன்று வைத்திருந்தார்கள், மட்டக்குதிரை இழுப்பது. அது உடைந்துபோனது. சரிசெய்யப் பணம் வேண்டும், டென்னிஸ் போட்டி ஒன்று நடத்தலாம் என்று 1877ல் அறிவித்தார்கள். 22 பேர் பெயர் கொடுத்தார்கள். இறுதி ஆட்டத்துக்கு 200 பேர் அளவில் வந்தார்கள், தலைக்கு ஒரு ஷில்லிங். உடுக்கை ஆடுகளத்தை நீள்சதுரமாக்கி, 15, 30, 40 என்று எண்ணும் முறையை உறுதிசெய்ததும் அப்போதுதான்.

[மாலை 7:17] கார்த்தி: ஆக, உருளை ரிப்பேருக்கு வசூல் செய்ததுதான் விம்பிள்டன். நம் ஊர்க் கோயில் மைக்செட் வசூல் மாதிரி.

[மாலை 7:18] பெரியப்பா: அதேதான். ஜெயித்தவர் ஸ்பென்சர் கோர். அவருக்கே இந்த ஆட்டத்தின்மேல் பெரிய மதிப்பில்லை. கிரிக்கெட் நன்றாக ஆடுகிறவனுக்கு இது சலித்துப்போகும் என்று பிற்பாடு எழுதினார். அவரை நட்சத்திரம் என்று எப்படிச் சொல்வது?

[மாலை 7:19] பெரியப்பா: அடுத்த வருஷம் ஜெயித்தவரைக் கேளுங்கள். இது நம் வீட்டு விஷயம்.

[மாலை 7:19] அப்பா: நம் வீட்டு விஷயமா?

[மாலை 7:25] பெரியப்பா: 1878ல் விம்பிள்டன் வென்றவர் ஃபிராங்க் ஹாடோ. இலங்கையில் தோட்டத்துரை! லீவில் இங்கிலாந்து போனவர் சும்மா இருக்காமல் போட்டிக்குப் பெயர் கொடுத்தார். கோர் என்ன செய்வார் என்றால், வலைக்குப் பக்கத்தில் வந்து நின்று பந்தைத் தரையில் விழவிடாமல் வாங்கி அடிப்பார். ஹாடோ அவர் தலைக்கு மேலே பந்தைத் தூக்கிப் போட்டார். லாப் என்கிறோமே, அது. கோர் முன்னே ஓடவும் பின்னே ஓடவுமாக ஓய்ந்துபோனார். அந்தப் போட்டி முழுவதும் ஹாடோ ஒரு செட்கூட விடவில்லை. கோப்பையை வாங்கினார், கப்பல் ஏறித் தோட்டத்துக்குத் திரும்பினார். மறு வருஷம் பட்டத்தைக் காத்துக்கொள்ளக்கூட வரவில்லை.

[மாலை 7:27] அப்பா: அப்போது அங்கே தேயிலை ஏது அண்ணா? காப்பிதானே?

[மாலை 7:29] பெரியப்பா: காப்பிதான். இலைநோய் வந்து காப்பி அழிந்துகொண்டிருந்த சமயம். நம் கொப்பாட்டன் துறையூர்ப் பக்கத்திலிருந்து நடந்துபோய் மன்னார்க் கரையில் இறங்கியதும் ஏறக்குறைய அந்தக் காலம்தான். இவர்கள் ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணியிடம் கடன்பட்டு மூட்டை சுமந்தார்கள். துரை லீவு போட்டு விம்பிள்டன் ஜெயித்தார். லீவு என்ற சொல்லையே நம் ஆட்கள் அப்போது கேட்டிருக்க மாட்டார்கள்.

[மாலை 7:30] கார்த்தி: பெரியப்பா, நீங்கள் அங்கே பந்து பொறுக்கியது நிஜமா?

[மாலை 7:34] பெரியப்பா: நிஜம்தான். 1967, எனக்கு 11 வயது. துரைமார் கிளப்பில் சனிக்கிழமை சாயங்காலம், லயத்து வரிசை வீடுகளில் இருந்த தோட்டத் தொழிலாளர் பையன்கள் நாலு பேரைக் கூப்பிடுவார்கள். பந்து தேயிலைச் செடிக்குள் போனால் அட்டைக்கடியோடு எடுத்து வர வேண்டும். ஒரு சாயங்காலத்துக்குப் பத்துச் சதம். மட்டையைத் தொடக் கூடாது. ஆனால் எண்ணிக்கை எல்லாம் எங்களுக்குத்தான் சரியாகத் தெரியும். துரைகள் மறந்துபோய் எங்களிடம் கேட்பார்கள்.

[மாலை 7:35] சித்தி: இதை நீங்கள் எங்களுக்குச் சொன்னதே இல்லையே மாமா.

[மாலை 7:36] பெரியப்பா: யார் கேட்டீர்கள்?

[மாலை 7:38] செல்வி: பெரியப்பா, ஹாடோ கதை அருமை. ஆனால் யாழினி மீசை வைக்க மாட்டேன் என்கிறாள். பெண் யாராவது?

[மாலை 7:39] கார்த்தி: இரு அக்கா. ஆண்களில் ரென்ஷா என்று ஒருவர் உண்டு. நானும் தேடிப் படித்தேன். வில்லியம் ரென்ஷா, 1881 தொடங்கித் தொடர்ந்து 6 முறை, மறுபடி 1889ல் ஒரு முறை, மொத்தம் 7. ஃபெடரர் 2017ல் எட்டாவது பட்டம் எடுக்கும்வரை அவரைத் தாண்டியவர் இல்லை. அவர்தான் முதல் நட்சத்திரம். எண் பேசுகிறது.

[மாலை 7:44] பெரியப்பா: தம்பி கார்த்தி, அந்தக் காலத்தில் போன வருஷத்துச் சாம்பியன் இறுதி ஆட்டம் மட்டும் ஆடினால் போதும். மற்றவர்கள் எல்லாரும் முட்டி மோதி ஜெயித்து வந்து அவரைச் சந்திக்க வேண்டும். அதனால் அந்த 7ஐயும் ஃபெடரரின் 8ஐயும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனாலும் ரென்ஷா பெரிய ஆட்டக்காரர்தான், மறுக்கவில்லை. 1881ல் ஹார்ட்லி என்ற பாதிரியாரை 6-0, 6-1, 6-1 என்று ஊதித் தள்ளினார். 40 நிமிடம்கூட ஆகவில்லை. அவருக்கு எர்னஸ்ட் என்று இரட்டைச் சகோதரர். இருவரும் சேர்ந்துதான் மேலிருந்து இறங்கும் பந்தை ஓங்கி அடிப்பதைக் கலையாக்கினார்கள். அவர்களைப் பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. 1882ல் கிளப் பெயரிலிருந்து குரோக்கேயையே தூக்கிவிட்டார்கள்.

[மாலை 7:45] கார்த்தி: நீங்களே சொல்கிறீர்கள், கூட்டம் சேர்ந்தது என்று. அப்புறம் என்ன?

[மாலை 7:46] அப்பா: அந்தப் பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வார்?

[மாலை 7:48] பெரியப்பா: சரியான கேள்வி. 1879ல் இவ்வளவு தூரம் ஜெயித்து வருவோம் என்று எதிர்பார்க்காமல் லண்டன் வந்துவிட்டார். ஞாயிறு பூசைக்கு ஆள் ஏற்பாடு செய்யவில்லை. யார்க்‌ஷயர்வரை ரயிலில் போய்ப் பிரசங்கம் செய்துவிட்டு, திங்கட்கிழமை திரும்பி வந்து அரையிறுதி ஆடி ஜெயித்தார். இறுதியில் அவரிடம் தோற்ற கூல்டு என்ற ஐரிஷ்காரர் பல வருஷம் கழித்து மான்டி கார்லோவில் ஒரு பெண்ணைக் கொன்று...

[மாலை 7:48] சித்தி: மாமா, யாழினி இந்தப் போனில்தான் படிக்கிறாள்.

[மாலை 7:49] பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[மாலை 7:50] கார்த்தி: பெரியப்பா, எனக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள்.

[மாலை 7:56] பெரியப்பா: சரி, பெண்கள். விம்பிள்டனில் பெண்களுக்குப் போட்டி 1884ல்தான் வந்தது. 13 பேர். மாட் வாட்சன் தன் சொந்த அக்கா லிலியனை இறுதியில் தோற்கடித்தார். ஆனால் யாழினிக்குப் பொருத்தம் லாட்டி டாட். 1887ல் ஜெயித்தபோது அவருக்கு 16 வயது நிறையவில்லை. இன்றுவரை அவ்வளவு சிறிய வயதில் விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்றவர் இல்லை. ஆடியது 5 முறை, ஐந்திலும் பட்டம். அப்புறம் டென்னிஸ் போதும் என்று விட்டுவிட்டு ஹாக்கியில் இங்கிலாந்துக்கு ஆடினார், 1904ல் கோல்ஃபில் பிரிட்டிஷ் பட்டம், 1908 ஒலிம்பிக்கில் வில்வித்தையில் வெள்ளி.

[மாலை 7:58] பெரியப்பா: உடை விஷயத்தில் உனக்கு வசதி செல்வி. பெரிய பெண்கள் தரையைக் கூட்டும் பாவாடையோடு, இடுப்பை இறுக்கும் கச்சையோடு ஓட வேண்டியிருந்தது. லாட்டி பள்ளிப் பிள்ளை என்பதால் கணுக்காலுக்கு மேலே நிற்கும் பாவாடையை யாரும் தப்பு சொல்லவில்லை. தலையில் வெள்ளைத் தொப்பி.

[மாலை 7:59] செல்வி: அப்படியென்றால் பள்ளிச் சீருடையே போதும்! பெரியப்பா, நீங்கள் தெய்வம். லாட்டி டாட். முடிந்தது. எல்லாருக்கும் நன்றி.

[இரவு 8:07] செல்வி: முடியவில்லை. சீருடை போட்டால் வேடமே இல்லை, தினமும் போடுவதுதானே என்று அழுகிறாள்.

[இரவு 8:08] அத்தை (திருப்பூர்): நியாயம்தானே கண்ணு. அழகாக இருக்க வேண்டாமா?

[இரவு 8:15] பெரியப்பா: என்னைக் கேட்டால் உண்மையான பதில் வேறு. நான் கடைசிக்கு வைத்திருந்தேன். ஜெயிக்கிறவர் வேறு, நட்சத்திரம் வேறு. ஆட்டமே தெரியாதவர்கள்கூட வந்து வரிசையில் நின்றால் அவர்தான் நட்சத்திரம். அப்படி முதலில் வந்தவர் சுசான் லாங்லென். பிரான்ஸ்காரர், 1899ல் பிறந்தவர். அப்பா சார்லஸ்தான் பயிற்சி கொடுத்தவர். ஆடுகளத்தில் கைக்குட்டையைப் போட்டு, அதன்மேல் பந்து விழ வேண்டும் என்பார். விழும்வரை விடமாட்டார்.

[இரவு 8:16] சித்தி: இப்போதைய டென்னிஸ் அப்பாக்கள் மாதிரியே இருக்கிறாரே.

[இரவு 8:23] பெரியப்பா: அவர்தான் அந்த வம்சத்துக்கே மூத்தவர் என்று வைத்துக்கொள். 1914ல், 15 வயதில், பாரிஸில் களிமண் தரை உலகப் பட்டத்தை வென்றார் சுசான். உடனே யுத்தம். 1919ல்தான் விம்பிள்டன் வந்தார். இறுதியில் எதிரே டொரதியா லாம்பர்ட் சேம்பர்ஸ். 40 வயது, குழந்தைகளுக்குத் தாய், ஏற்கெனவே 7 பட்டம். சட்டை மணிக்கட்டுவரை, பாவாடை கணுக்கால்வரை. சுசானுக்கு 20 வயது. கை தெரியும் மெல்லிய கவுன், கச்சை கிடையாது, பாவாடை கெண்டைக்காலோடு சரி. ஐந்தாம் ஜார்ஜும் ராணி மேரியும் உட்கார்ந்து பார்க்கிறார்கள். முதல் செட் 10-8 சுசானுக்கு. இரண்டாவது 6-4 டொரதியாவுக்கு. மூன்றாவதில் டொரதியா 6-5, 40-15. இரண்டு மேட்ச் பாயின்ட், அதாவது இரண்டில் ஒரு புள்ளி எடுத்தாலே ஆட்டம் டொரதியாவுக்கு. ஒன்றில் சுசான் அடித்த பந்து நரம்பில்கூடப் படவில்லை, மட்டையின் மரத்தில் பட்டு வலையைத் தாண்டி விழுந்தது. பிழைத்தார். 9-7ல் ஜெயித்தார்.

[இரவு 8:24] செல்வி: யாழினி வாயைப் பிளந்து கேட்கிறாள் பெரியப்பா. நான் சத்தமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

[இரவு 8:26] பெரியப்பா: நடுவில் சோர்ந்துபோனபோது பிராந்தி ஒரு வாய் குடித்தார். அப்பா அவருக்குச் சர்க்கரைக் கட்டியை பிராந்தியில் நனைத்துக் கொடுப்பதும் உண்டு.

[இரவு 8:26] அப்பா: அண்ணா!

[இரவு 8:26] சித்தி: மாமா!

[இரவு 8:27] பெரியப்பா: சரித்திரத்தை நான் என்ன செய்யட்டும்?

[இரவு 8:29] கார்த்தி: பெரியப்பா, எனக்கு இன்னும் ஒப்புதல் இல்லை. உடை சின்னது, கதை பெரியது என்பதால் நட்சத்திரமா?

[இரவு 8:36] பெரியப்பா: ஆட்டமும் பெரியதுதான். 1919லிருந்து 1926வரை ஒற்றையரில் ஒரே ஓர் ஆட்டம்தான் போனது. அதுவும் 1921ல் அமெரிக்காவில், உடம்பு முடியாமல் பாதியில் விலகியது. விம்பிள்டன் 6 பட்டம். பழைய இடத்தில் கூட்டம் கொள்ளவில்லை. 1922ல் புது இடத்துக்கு மாறினார்கள், இன்று நாம் டிவியில் பார்க்கும் இடம். மைய ஆடுகளத்தில் மட்டும் ஏறக்குறைய 14,000 பேர். 200 பேரில் தொடங்கியதை நினைத்துப் பார். எல்லாம் அவர் ஒருவரால் என்று சொல்லவில்லை, யுத்தம் முடிந்த உற்சாகமும் உண்டு. ஆனால் அவர் ஆடும் நாளில் வரிசை தனி.

[இரவு 8:40] பெரியப்பா: 1926 பிப்ரவரியில் கான் நகரத்தில் அமெரிக்காவின் ஹெலன் வில்ஸோடு ஒரே ஒரு முறை மோதினார். டிக்கெட் கிடைக்காதவர்கள் மரத்தில், பக்கத்து வீட்டுக் கூரையில் ஏறிப் பார்த்தார்கள். மேட்ச் பாயின்டில் "அவுட்" என்று ஒரு சத்தம். இருவரும் கை குலுக்கிவிட்டார்கள். பார்த்தால், கத்தியது கோட்டு நடுவர் இல்லை, கூட்டத்தில் யாரோ. மறுபடி ஆட வேண்டியதாயிற்று. அதற்கப்புறமும் 6-3, 8-6 என்று சுசானே ஜெயித்தார்.

[இரவு 8:42] கார்த்தி: சரி, இது சினிமா. பாதி ஒப்புக்கொள்கிறேன்.

[இரவு 8:43] அத்தை (திருப்பூர்): சர்க்கரை எல்லாம் இருக்கட்டும், தலையில் என்ன போட்டார்?

[இரவு 8:45] பெரியப்பா: நல்ல கேள்வி தங்கச்சி. மெல்லிய பட்டுத் துணியை நெற்றியிலிருந்து சுற்றிக் கட்டுவார். அதைப் பார்த்து ஊரெல்லாம் கட்ட ஆரம்பித்தது. உடை தைத்தவர் பாரிஸில் பெயர்பெற்ற ழான் பட்டூ.

[இரவு 8:47] அத்தை (திருப்பூர்): கட்டிங் வேஸ்ட்டில் மெல்லிசாக ரோஸ் துணி கிடக்கிறது. வெள்ளை இல்லை. பரவாயில்லையா?

[இரவு 8:48] பெரியப்பா: தாராளமாக. அவர் பல நிறத்தில் கட்டினார்.

[இரவு 8:50] பெரியப்பா: தங்கச்சி, உன் தொழிலுக்கே ஒரு செய்தி. அதே பிரான்சில் லாகோஸ்ட் என்று ஆட்டக்காரர். பத்திரிகைகள் முதலை என்று பெயர் வைத்தன. அப்போது ஆண்கள் முழுக்கைச் சட்டை போட்டுத்தான் ஆடுவார்கள். இவர் அரைக்கையில், பிக்கே பின்னலில் காலர் வைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பிறகு 1933ல் கம்பெனி தொடங்கி, மார்பில் முதலையைக் குத்தி விற்றார்.

[இரவு 8:52] அத்தை (திருப்பூர்): பிக்கே காலர் டி-ஷர்ட்டா? அதைத்தானே அண்ணா 20 வருஷமாகத் தைக்கிறோம்! டென்னிஸ்காரன் ஆரம்பித்தது என்று இப்போதுதான் தெரிகிறது. காலர் ஏன் வைக்கிறார்கள் என்று நானே யோசித்திருக்கிறேன்.

[இரவு 8:55] அப்பா: அந்தப் பெண்ணுக்கு இவ்வளவு கூட்டம் வந்ததே, பணமும் நிறைய வந்திருக்குமே?

[இரவு 9:03] பெரியப்பா: அங்கேதான் தம்பி கதையே இருக்கிறது. ஒரு காசு கிடையாது. பரிசுப் பணம் வாங்காதவர்தான் விம்பிள்டனில் ஆடலாம் என்பது விதி. சொத்துள்ளவர்களின் பொழுதுபோக்காகத் தொடங்கியதால் அது யாருக்கும் உறுத்தவில்லை. டிக்கெட் காசு கிளப்புக்கு. 1926ல் விம்பிள்டனுக்கு 50ஆவது வருஷக் கொண்டாட்டம். நேரம் மாற்றிய குழப்பத்தில் சுசான் தாமதமாக வர, ராணி மேரி காத்திருந்தார். பத்திரிகைகள் கிழித்தன. கூட்டமும் முகம் சுளித்தது. அவர் போட்டியிலிருந்து விலகினார், மறுபடி அங்கே ஆடவே இல்லை. அந்த வருஷமே 50,000 டாலர் பேசி அமெரிக்காவில் சுற்றுப்பயண ஆட்டங்களுக்குக் கையெழுத்திட்டார். இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் சம்பாதித்துக் கொடுத்தேன், நான் மட்டும் கட்டணம் கட்டி ஆடினேன் என்பது அவர் நியாயம்.

[இரவு 9:05] பெரியப்பா: இன்னொன்று. அதே 1926 விழாவுக்குப் பழைய சாம்பியன்களைக் கூப்பிட்டு ராணி பதக்கம் கொடுத்தார். வந்தவர்களில் நம் தோட்டத்துரை ஹாடோவும் ஒருவர். 48 வருஷம் கழித்து.

[இரவு 9:06] கார்த்தி: லீவில் வந்து ஜெயித்தவருக்குப் பதக்கம். உழைத்து ஆடிய பெண்ணுக்கு முகச்சுளிப்பு.

[இரவு 9:08] பெரியப்பா: அப்படி ஒரேயடியாகவும் சொல்லிவிடாதே. தாமதம் அவர்மேல் கொஞ்சம் தப்புதான், கோபக்காரர் வேறு. ஆனால் ஆட்டக்காரனுக்குக் கூலி கொடுக்கலாம் என்று விம்பிள்டன் ஒப்புக்கொள்ள 1968வரை ஆயிற்று. நான் பத்துச் சதம் வாங்கியது 1967ல். கணக்குப்படி விம்பிள்டன் பட்டத்துக்குப் பணம் கொடுக்க ஆரம்பிப்பதற்கு முன்பே டென்னிஸில் கூலி வாங்கியவன் நான்.

[இரவு 9:09] அப்பா: ஹா ஹா ஹா. இதை யாழினி மேடையில் சொல்லட்டும் அண்ணா.

[இரவு 9:12] செல்வி: யாழினி முடிவு செய்துவிட்டாள். சுசான்தான். ரோஸ் பட்டை, வெள்ளைக் கவுன். 2 நிமிடத்தில் கைக்குட்டை, மரத்தில் பட்ட பந்து, கூரையில் ஏறிய ஆட்கள் மட்டும் சொல்கிறாளாம். பிராந்தியை எடுத்துவிட்டேன்.

[இரவு 9:13] சித்தி: நல்லவேளை.

[இரவு 9:14] யாழினி (அம்மா போனில்): தாத்தா எனக்கு அந்த சக்கரை கட்டி சாப்பிடற மாதிரி நடிக்கணும் பிராந்தி வேண்டாம் சும்மா சக்கரை

[இரவு 9:16] செல்வி: அதற்குத்தான் இவ்வளவு நேரம் சுசான், சுசான் என்று நின்றிருக்கிறாள். வீட்டில் கட்டிச் சர்க்கரைக்கு எங்கே போவேன், கடையும் அடைத்திருப்பான்.

[இரவு 9:17] அத்தை (திருப்பூர்): பட்டை கொண்டுவரும் பையனிடம் பனங்கற்கண்டு கொடுத்துவிடுகிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் யாருக்குத் தெரியப்போகிறது?